உப்புக்காற்றில் மங்கிய பேஸ் கிட்டார் பிரிட்ஜ்: புளி வேண்டாம்

முட்டத்தில் கோயில் பாட்டுக்குழுவுக்கு வாசிக்கிற பேஸில் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்குகிற உலோகத் தகடு) பச்சை பூத்து, சேடில் (அதன் மேல் ஒவ்வொரு கம்பியும் உட்காருகிற சிறு துண்டு) ஸ்க்ரூ இறுகிப்போச்சு, புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கீங்க. தயவுசெய்து வேண்டாம். குத்துவிளக்கு முழுப் பித்தளை, புளியைத் தாங்கும். பிரிட்ஜ் மேலே இருப்பது மெல்லிய குரோம் அல்லது நிக்கல் பூச்சுதான். பச்சை தெரிந்தால், உப்பு அந்தப் பூச்சைத் துளைத்து அடியிலுள்ள செம்பையோ பித்தளையையோ தொட்டுவிட்டது. அந்த இடத்தில் பழைய பளபளப்பு திரும்பாது. மேலும் பரவாமல் தடுக்கலாம்.

கம்பிகளைத் தளர்த்திக் கழற்றுங்க. சேடில்கள் நிற்கிற இடத்தை முதலில் போட்டோ எடுத்துக்கோங்க, இல்லாட்டி சுருதியைத் திரும்ப அமைக்கப் பெரும்பாடு. பிரிட்ஜைத் தூக்கினால் அடியில் எர்த் வயர் இருக்கும், அறுந்துடாமப் பாருங்க.

இறுகின ஸ்க்ரூவைப் பலங்கொண்டு திருகாதீங்க, தலை உருண்டுவிடும். துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க வையுங்க. குரோமில் படிந்த துருவுக்கு, சமையல் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால் போதும். இரும்பு நார் மட்டும் கூடவே கூடாது. அதன் பொடி பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பாகம்) காந்தத்தில் ஒட்டினால் எடுப்பது கஷ்டம். தங்கப்பூச்சு என்றால் மென்துணி தவிர எதுவும் வேண்டாம்.

கடைசியில் ஸ்க்ரூ மரைக்குத் தையல் மிஷின் எண்ணெய் தொட்டு வையுங்க. கடற்கரையில் வாசித்த அன்னைக்கே துடைச்சு, உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்க.