உள்ளறை லெட்யூஸுக்கு வாட்டர் சில்லர்: எச்.பி.யைப் பார்க்காதீர்கள், வாட்டைப் பாருங்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் தகர ஷெட் ஒன்றை அறையாக அடைத்து, என்.எஃப்.டி. முறையில் (மண்ணில்லாமல், குழாயில் ஓடும் சத்துக்கரைசலில்) லெட்யூஸ் கீரை போட்டிருக்கேனுங்க. 12 அடிக் குழாய் 16, 500 லிட்டர் டேங்க், 100 வாட் சப்மெர்சிபிள் பம்ப், மேலே எல்.இ.டி. விளக்கு. ஏசி ஓடினாலும் அறை 28 முதல் 30 டிகிரி வரை இருக்கு. டேங்க் தண்ணியும் 30-ஐத் தொடுது. மதியத்தில் இலை துவளுது, வேர் பழுப்பாகி வழுவழுன்னு கையோடு வருது. ஐஸ் பாட்டில் போட்டுப் பார்த்தேன், நிக்கலை. தண்ணியைக் குளிர வைக்கும் சில்லர் மெஷின் கேட்டா, கோயம்புத்தூர்க் கடையில் ‘500 லிட்டருக்கு அரை எச்.பி. சில்லர் போதும்’ என்கிறாங்க. ஏசி மெக்கானிக் ஒருத்தர் பழைய ஒரு டன் ஏசியை மாற்றி, பாதி விலையில் செய்து தர்றேன்கிறார். எதை வாங்கறதுங்க?

பதில்: வணக்கம். அரை எச்.பி. பத்தாது, ஏசியை மாற்றும் யோசனையும் வேண்டாம். உங்களுக்கு வேண்டியது 1,400 முதல் 1,500 வாட் வரை குளிர்விக்கும் திறனும், டைட்டானியம் காயிலும் (தண்ணீரைக் குளிர்விக்கும் சுருள் குழாய்) உள்ள சில்லர். பெரும்பாலும் அது ‘1 எச்.பி.’ என்ற பெயரில் விற்கும். அந்தப் பெயரை நம்பி வாங்காதீர்கள். எச்.பி. என்பது கம்ப்ரசரின் அளவு. தண்ணீரிலிருந்து எவ்வளவு சூட்டை இழுக்கும் என்பது பக்கவாட்டுத் தட்டில் ‘கூலிங் கெப்பாசிட்டி’ என்று வாட்டில் இருக்கும். அரை எச்.பி. என்று விற்கும் சில மாடல்களில் அது 800 வாட் அளவுதான்.

கடைக்காரர் சொல்லும் லிட்டர் கணக்கு மீன் தொட்டிக்கானது. தொட்டியில் தண்ணீர் ஒரே இடத்தில் நிற்கும். உங்கள் தண்ணீரோ 16 குழாயிலும் மெல்லிய படலமாக ஓடி, அறைச் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்புகிறது. அறை 30, தண்ணீர் நமக்கு வேண்டிய 21 என்று வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால், குழாய்கள் வழியாக 550 முதல் 600 வாட் சூடு ஏறும். மூடாத பிளாஸ்டிக் டேங்க் வழியாக 200 வாட். தண்ணீருக்குள் கிடக்கும் பம்ப் இழுக்கும் 100 வாட்டும் முழுதாகத் தண்ணீருக்கே போகும். விளக்கு, ரிட்டர்ன் லைன் எல்லாம் சேர்த்து இன்னொரு 150. மொத்தம் 1,000 வாட்டைத் தாண்டிவிடுகிறது. 800 வாட் மெஷின் ராப்பகலாக ஓய்வில்லாமல் ஓடினாலும், பங்குனி சித்திரையில் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காது.

ஐஸ் ஏன் நிற்கவில்லை என்பதற்கும் இதே கணக்குதான். ஒரு கிலோ ஐஸ் உருகி 20 டிகிரிக்கு வருவதற்குள் 116 வாட்-மணி சூட்டைத்தான் எடுக்கும். நாள் முழுக்க 1,000 வாட் ஏறும் இடத்தில் 200 கிலோவுக்கு மேல் ஐஸ் வேண்டும்.

அதனால் மெஷினுக்குப் பணம் கட்டும் முன் சூடு ஏறும் வழியை அடையுங்கள். டேங்கைச் சுற்றியும் மூடிக்கும் அடிக்கும் ஏசிக் குழாய்க்குப் போடும் கறுப்பு நைட்ரைல் ஃபோம், 25 மி.மீ. கனத்தில் ஒட்டுங்கள். 200 வாட் 40-க்கு இறங்கும். சப்ளை, ரிட்டர்ன் லைன்களுக்கும் 13 மி.மீ. ஃபோம் உறை போடுங்கள். இது மழைக்காலத்துக்கும் அவசியம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஈரத்தில் 20 டிகிரி தண்ணீர் ஓடும் வெற்றுக் குழாய் வியர்த்துக் கொட்டும். கீழே ப்ளக் பாயிண்ட் இருந்தால் ஆபத்து. ஏர் பம்பை அறைக்கு வெளியே வைத்திருந்தால் உள்ளே கொண்டுவாருங்கள், 38 டிகிரிக் காற்றைத் தண்ணீருக்குள் ஊதாதீர்கள். இவ்வளவும் செய்தால் பாரம், அதாவது தண்ணீரில் ஏறும் மொத்தச் சூடு, 850 வாட்டுக்கு வரும். வெயில் ஏற ஏற மெஷினின் திறன் குறையும்; காயிலில் பாசி படிந்தாலும் குறையும். அதற்கும் இடம் விட்டுத்தான் 1,400 என்றேன்.

டேங்கை மண்ணுக்குள் புதைத்தால் என்ன என்று பலரும் கேட்பதுண்டு. பாலக்காட்டுப் பக்கம் ஒரு மீட்டர் ஆழத்திலும் மண் 27, 28 டிகிரி இருக்கும். மதிய உச்சச் சூட்டைத் தணிக்கும், 21-க்குக் கொண்டுவராது.

ஏசியை மாற்றுவதில் இரண்டு கோளாறு. ஒரு டன் என்பது 3,500 வாட். உங்கள் பாரத்துக்கு மிகப் பெரிது. சாதாரணக் கம்ப்ரசர் அடிக்கடி நின்று நின்று ஓடிக் கெடும், காயில் மேல் ஐஸ் கட்டும். அதைவிட மோசம், அந்தக் காயில் செம்பு. சத்துக்கரைசலின் பி.எச். 5.5 முதல் 6.2 வரை. அந்தப் புளிப்பிலும் உரத்திலுள்ள கீலேட்டிலும் (உலோகச் சத்தைக் கரைசலில் பிடித்துவைக்கும் பொருள்) செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். லெட்யூஸுக்கு வேண்டிய செம்பு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் சிறு பங்குதான்; கூடினால் வேர் கருகிக் கட்டையாகும், இலை வெளுக்கும். அதை வேரழுகல் என்று நினைத்து மருந்து ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். பால் கூலரில் வரும் 304 ஸ்டீலும் உப்புத் தண்ணீரில் புள்ளி புள்ளியாக அரிக்கும்.  அதனால் டைட்டானியம்தான்.

எங்கே வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சில்லர் தண்ணீரில் எடுத்த சூட்டையும் தன் கம்ப்ரசர் சூட்டையும் சேர்த்துப் பக்கத்திலேயே கக்கும். 1,400 வாட் இழுக்கும் மெஷின் ஓடும்போது 2,000 வாட் வெளியே தள்ளும். அதை அறைக்குள் வைத்தால் உங்கள் ஏசி அரை டன்னுக்கு மேல் கூடுதலாக உழைக்கும். சுவருக்கு வெளியே, வடக்குப் பக்க நிழலில், நாலாபுறமும் ஒன்றரை அடி இடம் விட்டு, மேலே கூரை மட்டும் போட்டு வையுங்கள். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்று, சூட்டை வெளியே விடும் கண்டென்சர் தகடுகளில் தூசியை அப்பிவிடும். அந்த மாதங்களில் 15 நாளுக்கு ஒருமுறை மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள்.

சில்லருக்குத் தனிப் பம்ப் கொடுங்கள்: டேங்கிலிருந்து எடுத்து, சில்லர் வழியாக டேங்குக்கே திரும்ப வேண்டும். செடிக்குப் போகும் லைனில் சேர்த்தால், காயில் அடைக்கும் நாளில் செடியும் காயும். ஓட்டம் மணிக்கு 1,000 முதல் 1,500 லிட்டர் போதும். தட்டில் குறைந்தபட்ச ஓட்டம் போட்டிருந்தால் அதற்குக் கீழே போகக் கூடாது. முன்னால் சொட்டுநீருக்குப் போடும் 120 மெஷ் ஃபில்டர் வையுங்கள், வேர்த் துணுக்கு காயிலுக்குள் போகாது. தெர்மோஸ்டாட்டை 21-ல் வைத்து, 1 டிகிரி இடைவெளி கொடுங்கள். 16-க்குக் கீழே இறக்கினால் மணிச்சத்தை வேர் எடுப்பது குறையும். ஒவ்வொரு டிகிரி ஏற்றி வைத்தாலும் பாரம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும். துளசி வகை பேசில் மட்டும் போடுவதாக இருந்தால் 24 டிகிரியே போதும். அதற்கு அரை எச்.பி.யே சமாளிக்கும்.

கரண்ட், நாளுக்கு 10 யூனிட் சுற்றி ஆகும். ஸ்டெபிலைசர், நல்ல எர்த், மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் இல்லாமல் இணைக்காதீர்கள். இன்வெர்ட்டரில் சில்லரைக் கோக்க வேண்டாம். செடிப் பம்பும் ஏர் பம்பும் மட்டும் போதும். தண்ணீர் சூடேற மணிக்கணக்காகும், ஆனால் ஓட்டம் நின்றால் இந்தச் சூட்டில் அரை மணியில் செடி தொங்கிவிடும்.

கடைசியாக ஒன்று: வழுவழுத்த வேரைச் சில்லர் குணமாக்காது. அறிகுறி, பித்தியம் என்ற பூஞ்சை போன்ற கிருமியால் வரும் வேரழுகல் போலிருக்கிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மி.கி. ஆக்சிஜன் பிடிக்கும் தண்ணீர் 30-ல் ஏழரைதான் பிடிக்கும். மூச்சுத் திணறும் வேரில்தான் அந்தக் கிருமி ஏறும். இப்போதிருக்கும் செடிகளை எடுத்து அப்புறப்படுத்துங்கள். கரைசலை வடித்துவிட்டு, பி.எச். இறக்க ஊற்றிய ஆசிட் மிச்சமில்லாமல் நன்றாக அலசுங்கள். ஆசிடும் ப்ளீச்சும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். பிறகு 500 லிட்டர் தண்ணீருக்கு 10 சத சோடியம் ஹைப்போகுளோரைட் 500 மி.லி. கலந்து, குழாய் முழுக்க ஒரு மணி நேரம் ஓட்டி, வடித்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். சில்லரை மாட்டி, வெறும் தண்ணீரில் ஒரு நாள் ஓட்டி, மதியம் இரண்டு மணிக்கு ரிட்டர்ன் லைனில் தெர்மாமீட்டர் வையுங்கள். அங்கே 23-க்குள் நின்றால் நாற்றை இறக்கலாம்.