மூன்று பேரும் போனது ஒரே மலைக்குத்தானா?

கேள்வி: எனக்கு 44 வயது, வங்கி வேலை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்குப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள ஆசை. அவனோடு நானும் கற்றுக்கொள்ளலாம் என்று குல்மார்க் போகத் திட்டமிட்டேன். விசாரிக்கப் போய்க் குழப்பம்தான் மிச்சம். மூனிக்கில் இருக்கும் என் மைத்துனர், "அதெல்லாம் ஸ்கீ ரிசார்ட்டே இல்லை. பணத்தைச் சேர்த்துவைத்து இங்கே வாருங்கள், ஆஸ்திரியா போகலாம்" என்கிறார். அலுவலகத்தில் ஒரு தம்பி வருஷாவருஷம் குல்மார்க் போகிறவர். "அந்த மாதிரி பனி எங்கேயும் கிடையாது சார், நேரே உச்சிக்குப் போயிடுங்க" என்கிறார். எதிர் ஃப்ளாட் மாமி டூர் பேக்கேஜில் போய்வந்தவர். "பனியே இல்லை, க்யூவில் நின்று கால் வலித்ததுதான் மிச்சம், ஸ்லெட்ஜ் வண்டியில் உட்காரவைத்துப் பனியில் இழுத்துப்போகிறவர்கள் தொல்லை வேறு" என்கிறார். யாரை நம்புவது? என் மனைவி சொன்னது ஒன்றே ஒன்று: "கால் உடைந்தால் நான் லீவு போடமாட்டேன்."
(வாசகர், நங்கநல்லூர்)

பதில்: நங்கநல்லூர் நண்பரே, இந்த நாலு பேரில் உங்களைப் பற்றி யோசித்துப் பேசியவர் உங்கள் மனைவி ஒருவர்தான். மற்ற மூவரும் தங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக அவர்கள் சொன்னது பொய் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றுமே உண்மை.

முதலில் அந்த மலையின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நம் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். குல்மார்க் ஊரே ஏறத்தாழ அந்த உயரத்தில், சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கொண்டோலா, அதாவது கேபிள் கார், இரண்டு கட்டமாக மேலே போகிறது. 1998இல் திறந்த முதல் கட்டம் கொங்தூரி வரைக்கும், சுமார் 3,080 மீட்டர். 2005இல் திறந்த இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையின் தோள்பட்டை வரைக்கும், சுமார் 3,950 மீட்டர். சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட்டில் கேபிள் கார் ஏற்றிவிடும் க்ளைன் மேட்டர்ஹார்ன்கூட 3,883 மீட்டர்தான். ஆக, தொட்டபெட்டா உயரத்தில் ஏறி உட்கார்ந்தால், அதற்கு மேலும் 1,300 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து ஊர் வரைக்கும் சறுக்கிக்கொண்டே வரலாம். அலுவலகத் தம்பி பேசுவது இந்த மலையைப் பற்றி. மாமி பார்த்தது டிக்கெட் கவுன்டரையும் முதல் கட்டத்தையும். மைத்துனர் பேசுவது அங்கே இல்லாதவற்றைப் பற்றி.

அவர் சொல்லும் குறை நியாயமானதுதான். ஆல்ப்ஸில் ராத்திரி முழுக்க இயந்திரம் ஓட்டிப் பனியை அழுத்திச் சமப்படுத்திவைப்பார்கள். காலையில் போனால் பாய் விரித்த மாதிரி இருக்கும். பிரான்ஸின் த்ரீ வாலே என்ற இடத்தில் ஒன்றோடொன்று இணைந்த சறுக்குத் தடங்கள் மட்டுமே 600 கிலோமீட்டர். குல்மார்க்கின் மேல்பகுதியில் பெரும்பாலும் விழுந்த பனி விழுந்தபடி கிடக்கும். அதில் முழங்கால் வரை புதைந்து சறுக்க அகலமான ஸ்கீயும், அதாவது காலில் மாட்டும் சறுக்குப் பலகையும், பல வருடப் பழக்கமும் வேண்டும். அழுத்திய தடத்தில் பழகியவருக்கு அது குண்டும் குழியுமான சாலை. உங்கள் தம்பி போன்றவர்களோ அதற்காகத்தான் கடன் வாங்கிக்கொண்டாவது போகிறார்கள். கோவளத்தில் அலை உயரமாக வரும் நாளில் சர்ஃபிங் பையன்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதையும், அதே நேரத்தில் அம்மாக்கள் குழந்தைகளைக் கரைக்கு இழுப்பதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஸ்கீ தெரிந்தவர் யாராவது "நான் நீலத்தடத்தில் போவேன்" என்று சொன்னால், எந்த நாட்டு நீலம் என்று கேளுங்கள். ஐரோப்பாவில் நீலம் என்றால் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கஷ்டம். அமெரிக்காவில் பச்சைதான் சுலபம், நீலம் அதற்கு அடுத்த படி. அதிலும் அந்தந்த மலை அதன் தடங்களைத் தனக்குள் ஒப்பிட்டுத்தான் நிறம் கொடுக்கிறது. ஒரு மலையின் நீலம் இன்னொரு மலையில் சிவப்பாக இருக்கலாம். கருத்துச் சொல்பவர்கள் இதையெல்லாம் சொல்லமாட்டார்கள், அவர்களுக்கு அது தண்ணீர் குடிப்பது மாதிரி பழகிப்போன விஷயம்.

சரி, மாமியிடம் வருவோம். "பனியே இல்லை" என்கிறாரே, அவரை மட்டமாக நினைக்கவேண்டாம். எந்த மாதம், எந்த வருடம் போனார் என்று கேளுங்கள். 2024 ஜனவரியில் போயிருந்தால் அவர் சொல்வது அப்பட்டமான உண்மை. அந்த மாதத்தின் பெரும்பகுதி குல்மார்க் புல்வெளி பழுப்பு நிறத்தில் வறண்டு கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி விழ ஆரம்பித்தது. அடுத்த சில வாரங்களில் எவ்வளவு சேர்ந்தது தெரியுமா? பிப்ரவரி 22ஆம் தேதி அஃபர்வத் சரிவில் பனிச்சரிவு ஏற்பட்டு, ரஷ்யாவிலிருந்து சறுக்க வந்த ஒருவர் இறந்துபோனார். ஒரே மலை, ஒரே குளிர்காலம், இடையில் ஆறு வாரம்கூட இல்லை. 2025லும் பிப்ரவரியில் அங்கே நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் போதிய பனி இல்லாமல் தள்ளிப்போய் மார்ச்சில்தான் நடந்தன. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பிவரும் காற்றழுத்தத் தாழ்வுகள் காஷ்மீரை எட்டினால் பனி, எட்டாவிட்டால் வெயில். நவம்பரில் வங்கக்கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நமக்கு இதைப் புரியவைக்கவேண்டியதில்லை. ஒரு வருடம் வேளச்சேரியில் படகு விடுகிறோம், அடுத்த வருடம் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறோம். "சென்னையில் மழை எப்படி?" என்று வெளியூர்க்காரர் கேட்டால் எந்த வருடத்தைச் சொல்வீர்கள்?

க்யூ விஷயமும் அப்படித்தான். காற்று பலமாக அடித்தாலோ, புதுப்பனி கனமாக விழுந்து பனிச்சரிவு அபாயம் இருந்தாலோ மேல்கட்டத்தை மூடிவிடுவார்கள். மூடிய நாளில் எல்லாக் கூட்டமும் கீழே நிற்கும். அன்றைக்கு மாமி போயிருந்தால் நின்றிருப்பார், பாவம். மூன்றாம் நாள் காலையில் காற்று அடங்கி வானம் வெளுத்துக் கதவு திறக்கும்போது தம்பி முதல் ஆளாக ஏறியிருப்பார். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் அங்கே இருந்திருந்தாலும் ஊருக்கு வந்து இரண்டு விதமாகத்தான் பேசியிருப்பார்கள். இன்னொன்று, மாமி சறுக்கப் போகவில்லை, சுற்றிப் பார்க்கப் போனார். மார்கழியில் சபா கேன்டீனுக்கு மட்டும் போய்வந்தவரிடம் கச்சேரி எப்படி என்று கேட்டால் காபி சூடாக இல்லை என்றுதான் சொல்வார். காபி பற்றி அவர் சொன்னது சரியாகவே இருக்கும்.

ஆகவே "குல்மார்க் எப்படி?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். எந்தத் தேதியில் போனீர்கள், எத்தனை நாள் இருந்தீர்கள், அதற்கு முன் எத்தனை வருடம் சறுக்கியிருக்கிறீர்கள், எந்தச் சரிவில் சறுக்கினீர்கள், அதை மட்டும் கேளுங்கள். ஐந்து நாள் இருந்தவரின் பேச்சுக்கு ஒரு நாள் போய்த் திரும்பியவரின் பேச்சைவிட நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

இனி உங்கள் கதை. நீங்களும் மகனும் இதுவரை ஸ்கீயைத் தொட்டதில்லை. உங்களுக்கு 600 கிலோமீட்டர் தடமும் வேண்டாம், 3,950 மீட்டர் உச்சியும் வேண்டாம். நீச்சல் பழக மூன்றடித் தண்ணீர் போதும், மெரினா எதற்கு? முதல் மூன்று நாள் நீங்கள் செய்யப்போவது இவ்வளவுதான்: பக்கவாட்டில் விழுவது, விழுந்த இடத்தில் எழுந்திருப்பது, நண்டு மாதிரி பக்கவாட்டில் மேட்டில் ஏறுவது, ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்துக் குதிகால்களை அகட்டி வேகத்தைக் குறைப்பது. இதற்கு ஊருக்குள் புல்வெளியை ஒட்டிய சாய்வான சரிவுகள் அருமையானவை. இந்த விஷயத்தில் குல்மார்க் உங்களுக்கு நல்ல இடம் என்று தைரியமாகச் சொல்வேன். ஆஸ்திரியாவுக்குப் போய் முதல் மூன்று நாள் குழந்தைகள் மேட்டில் உருள்வதற்கு விமான டிக்கெட்டும் விசாவும் செலவழிப்பது எனக்கு உவப்பாக இல்லை. கற்றுக்கொண்டபின் போங்கள், மைத்துனர் எங்கே போய்விடப்போகிறார்.

ஔலியைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். உத்தராகண்டில் இருக்கும் அந்தச் சரிவும் புதியவர்களுக்கு இதமானது, எதிரே நந்தாதேவி தெரியும். ஆனால் ரிஷிகேஷிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் அமிழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது அங்கிருந்து ஔலிக்குப் போகும் ரோப்வேயும் நின்றுபோனது. ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து குல்மார்க் அறுபது கிலோமீட்டருக்குள்தான். குடும்பத்தோடு போகிறவருக்கு நான் இதையே சொல்வேன்.

பொங்கல் விடுமுறையில் போகலாம் என்று தோன்றும். வேண்டாம். டிசம்பர் 21இலிருந்து நாற்பது நாள் சில்லே கலான், காஷ்மீரிகளே கங்கடி என்ற கரிநெருப்புச் சட்டியை ஃபெரன் என்ற நீள அங்கிக்குள் அணைத்துக்கொண்டு இருக்கும் கடுங்குளிர். அத்தனை குளிரையும் தாங்கிக்கொண்டு போய்ப் பனி போதாமல் நிற்கும் வாய்ப்பும் ஜனவரி பாதியில் உண்டு. பிப்ரவரி முதல் இரண்டு வாரம் பாருங்கள். பள்ளியில் ஒரு வாரம் லீவு சொல்லவேண்டியிருக்கும். ஒன்பதாவதுதானே, பத்தாவது இல்லையே. பனி கொட்டினால் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாகும், வழியில் இருக்கும் டங்மார்க் ஊருக்கு மேல் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் ஏறும். அதனால் திரும்பும் நாளுக்கும் வேலைக்குச் சேரும் நாளுக்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்ததை நினைத்து வீட்டில் பயம் இருந்தால், டிக்கெட் போடும் முன் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அந்த முடிவை நான் எடுத்துத் தரமுடியாது.

பயிற்சிக்கு, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் குல்மார்க்கிலேயே இருக்கிறது. அவர்களுடைய பயிற்சித் தேதிகள் ஒத்துவராவிட்டால் உள்ளூர்ப் பயிற்சியாளரைத் தினக்கூலிக்கு வைத்துக்கொள்ளலாம். ஐந்து நாளும் ஒரே ஆள் இருக்கவேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பையன் இரண்டாம் நாளே உங்களைத் தாண்டிப் போய்விடுவான், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

உச்சிக்கு? நாலாம் நாள் போங்கள், பார்வையாளராக, ஸ்கீ இல்லாமல், கொண்டோலாவிலேயே ஏறி அதிலேயே இறங்குங்கள். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு சென்னையில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். தலை வலித்தால் போட்டோவை விட்டுவிட்டுக் கீழே வந்துவிடுங்கள். அந்தச் சரிவில் சறுக்குகிறவர்கள், பனியில் புதைந்தால் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி, மண்வெட்டி, நீளக் கம்பி மூன்றையும் சுமந்துகொண்டு, அவற்றைப் பயன்படுத்தவும் தெரிந்துகொண்டு போகிறவர்கள். தம்பியின் "நேரே உச்சிக்கு" அவருக்குப் பொருந்தும், உங்களுக்கு இல்லை. கொண்டோலா டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், மாமியின் க்யூவில் கொஞ்சமாவது குறையும். ஸ்லெட்ஜ்காரரிடம் உட்காரும் முன் பேரம் பேசுங்கள். அல்லது சும்மா ஒருமுறை உட்கார்ந்துவிடுங்களேன், அந்த மனிதருக்கு வருடத்தில் சில மாதம்தான் பிழைப்பு.

பூட்ஸ் பற்றி என் சொந்த அவமானம் ஒன்று. முதல்முறை போனபோது குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டேன். அதற்கேற்ப வாடகைக் கடையில் பெரிய பூட்ஸாகக் கேட்டு வாங்கினேன், லூசாக இருந்தால் சுகம் என்று நம் செருப்புப் புத்தி. கால் உள்ளே ஆடியது, ஸ்கீ நான் சொன்னதைக் கேட்கவில்லை, மத்தியானத்துக்குள் விரல் மரத்துப்போய், ஊர் திரும்பியபின் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. மூன்று வருடம் "குல்மார்க் சுமார்தான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கம்பளி சாக்ஸ் ஒரே ஜோடி, பூட்ஸ் இறுக்கமாக. உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிக் குளிரும். ஜீன்ஸும் வேண்டாம். ஹெல்மெட் கட்டாயம்.

மனைவி சொன்ன கால் விஷயத்துக்கு இன்றிலிருந்தே வேலை ஆரம்பிக்கலாம். உங்கள் வீட்டிலிருந்து பரங்கிமலை பக்கம்தானே. வாரம் மூன்று நாள் அந்தப் படிகளில் ஏறி, நிதானமாக இறங்குங்கள். சறுக்கும்போது தொடையும் முழங்காலும் செய்வது இறங்கும் வேலைதான். ஈசிஆரில் செயற்கைப் பனி அரங்கத்துக்குப் போனால் பையனுக்குக் குளிர் பழகும், சறுக்கப் பழகாது.

உயரத்தில் வெயில் கடுமை, பனியில் பட்டுத் திரும்பும் ஒளி அதைவிடக் கடுமை, சாதாரணக் கூலிங் கிளாஸ் போதாது. மைத்துனரிடம் கருத்துக் கேட்டது போதும், அவருடைய பழைய ஸ்கீ கண்ணாடி இரண்டும் கையுறை இரண்டு ஜோடியும் இருந்தால் ஊருக்கு வரும்போது எடுத்துவரச் சொல்லுங்கள்.