பையனுக்கு 17 வயது என்று எழுதியிருந்தீர்கள்

தம்பி, நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் பக்கம் வீட்டு வாடகை எவ்வளவு, வந்தவுடன் கார் வாங்க வேண்டுமா, அறிவுசார் குறைபாடு உள்ள 17 வயது மகனுக்கு அங்கே காலேஜும் வேலையும் கிடைக்குமா என்று. வாடகையும் காரும் உங்கள் ஆபீஸ்காரர்களே சொல்லிவிடுவார்கள். மூன்றாவதைப் படித்ததும் எனக்கு 2008 ஆகஸ்ட் ஞாபகம் வந்துவிட்டது. பாலக்கோட்டிலிருந்து ஒன்பது வயது மகனோடு வந்து இறங்கினோம். அவனுக்கு டவுன் சிண்ட்ரோம், பிறவியிலேயே வருகிற அறிவுசார் குறைபாடு. நீங்கள் கிருஷ்ணகிரி, நான் பாலக்கோடு, பக்கத்து ஊர்தான். அதனால் கூடப்பிறந்த அக்கா மாதிரி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன்.

முதலில் விசா. நீங்கள் எச்1பி, அதாவது வேலை விசா. பையன் எச்4, உங்களைச் சார்ந்து வருகிறவர்களுக்கான விசா. அந்த எச்4 அவனுக்கு 21 வயதோடு முடிந்துவிடும். நாங்கள் வந்த காலத்தில் விண்ணப்பித்தவர்களில் சிலருக்குச் சில வருடங்களில் கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வந்தது. இன்று இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இருக்கிற வரிசையில் நான்கு வருடத்துக்குள் வரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எச்4ல் இருக்கும் பிள்ளை சம்பள வேலை பார்க்கவும் முடியாது. சம்பளத்தைக் கணக்குப் போடும்போது பையனுடைய வயதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உங்களுக்குக் கையில் இருப்பது நான்கு வருடம்.

அந்த நான்கு வருடத்துக்கு இங்கே பள்ளிக்கூடம் உண்டு. அதில் சந்தேகமே வேண்டாம். விசாவைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்காமல் விடக்கூடாது என்று 1982லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதுவும் இந்த டெக்சாஸ் வழக்கில்தான். சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளை 18 வயதோடு அனுப்பிவிட மாட்டார்கள், 21 வயது வரை வைத்துக்கொள்வார்கள். பஸ் ஏறுவது, கடையில் மீதிச் சில்லறை வாங்குவது, துணி துவைப்பது, கடை கடையாகப் போய் வேலை பழகுவது எல்லாம் அந்தக் கடைசி வருடங்களில்தான் சொல்லித் தருவார்கள். இதில் ஒரு விஷயம் கவனம். மற்ற பிள்ளைகள் வாங்கும் வழக்கமான ஹைஸ்கூல் டிப்ளமோவை இவன் கையில் கொடுத்துவிட்டால் அந்த உரிமை அன்றோடு போய்விடும். தொப்பியும் அங்கியும் போட்டுப் படம் எடுக்கும் ஆசையில் அவசரப்பட்டுவிடாதீர்கள்.

பிள்ளை அந்த வருடம் எதைக் கற்க வேண்டும் என்று எழுதி முடிவு செய்ய, வருடத்துக்கு ஒரு தடவை பெற்றோரை உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போடுவார்கள். டெக்சாஸில் அதற்கு 'ஆர்ட் மீட்டிங்' என்று பெயர். முதல் கூட்டத்தில் மேஜையைச் சுற்றி எட்டுப் பேர். எனக்கு அவர்கள் பேசியதில் பாதி புரியவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். '20 ஆங்கில வார்த்தைகளை அடையாளம் காண்பான்' என்று அந்த வருடம் எழுதினார்கள். அடுத்த வருடமும் அதே வரி, அதற்கடுத்த வருடமும் அதே வரி. மூன்று வருடம், தம்பி. ஒரு உதவி ஆசிரியை என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாம், தெரியுமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். கேட்டால் ஏற்பாடு செய்தாக வேண்டும். ஒத்துக்கொள்ள முடியாததை ஒத்துக்கொள்ள முடியாது என்று சொன்னேன். அப்படிச் சொன்னால் கூட்டத்தை ஒத்திவைத்து, 10 பள்ளி நாட்களுக்குள் மறுபடி கூட வேண்டும். நான்கு வருடத்தில் என் இங்கிலீஷிலேயே அந்தக் கூட்டத்தை நடத்தும் அளவுக்கு வந்துவிட்டேன். கார் ஓட்டக் கற்றதும் அப்போதுதான், 38 வயதில்.

காலேஜ் பற்றிக் கேட்டீர்கள். இருக்கிறது. நாங்கள் வந்து இறங்கிய அதே 2008 ஆகஸ்டில்தான் சட்டத்தை மாற்றி, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான காலேஜ் திட்டங்களுக்கு அரசு உதவித்தொகை கிடைக்க வழி செய்தார்கள். இப்படிப்பட்ட திட்டங்களைத் தொகுத்துத் தரும் 'திங்க் காலேஜ்' பட்டியலில் இப்போது முந்நூறுக்கு மேல் திட்டங்கள் இருக்கின்றன. இங்கே டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 'அகி அச்சீவ்' என்று நான்கு வருடத் திட்டம். பிள்ளைகள் வளாகத்திலேயே தங்கி மற்ற மாணவர்களோடு வகுப்புக்குப் போகிறார்கள். ஆனால் அங்கே தருவது சான்றிதழ், டிகிரி இல்லை. உதவித்தொகைக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். எச்4க்குக் கிடையாது, மொத்தச் செலவும் உங்கள் தலையில். நாங்கள் கிரீன் கார்டு இருந்தும் அனுப்பவில்லை. அவனுக்கு வகுப்பில் உட்காருவதைவிடக் கையால் செய்கிற வேலைதான் பிடிக்கும்.

இங்கே உள்ள நம் ஆட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழாவுக்குப் பெரிய பிள்ளையை மட்டும் கூட்டிவந்து, குறைபாடு உள்ள சின்னதை வீட்டில் விட்டுவிட்டு வருகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். கேட்டால் "அவனுக்குக் கூட்டம் ஒத்துக்காது" என்பார்கள். என் மகன் எல்லா வருடமும் வந்தான். பந்தியில் தண்ணீர் ஊற்றுவது அவன் வேலை. இன்னொரு கூட்டம், "அமெரிக்காவில் எல்லாம் கவர்ன்மென்ட் பார்த்துக்கும்" என்று சொல்லும். டெக்சாஸில் இப்படிப்பட்ட பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள உதவும் அரசு மருத்துவ உதவித் திட்டத்தில் இடம் வேண்டுமென்றால், பெயர் கொடுத்துவிட்டுப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அப்படிச் சொன்னவர்களை நம்பி நான் ஐந்து வருடம் தாமதமாகப் பெயர் கொடுத்தேன். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

கிளம்பும் முன் கிருஷ்ணகிரியிலேயே விசாரித்து வைக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பையனுக்கு 18 ஆனதும், சட்டப்படி நீங்கள் தானாகக் காப்பாளர் ஆகமாட்டீர்கள். 1999ம் வருடத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையில் இருக்கிற உள்ளூர்க் குழுவில் காப்பாளர் சான்றிதழுக்கு மனுக் கொடுக்க வேண்டும். யூடிஐடி அட்டையையும், அதாவது அரசு தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும், நடப்பில் வைத்திருங்கள். 21 வயதில் அவன் ஊர் திரும்ப வேண்டி வந்தால் இந்தக் காகிதங்கள்தான் கைகொடுக்கும். நம் நாட்டு அரசு வேலை இடஒதுக்கீட்டில் அறிவுசார் குறைபாட்டையும் சேர்த்தது 2016ம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதற்கும் இவை வேண்டும். டெக்சாஸில் காப்பாளர் இல்லாமல், அவனே முடிவெடுக்க நாம் துணை நிற்பதாக எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் 2015லிருந்து உண்டு. நாங்கள் அதைத்தான் செய்தோம்.

என் மகனுக்குக் கடைசி ஒன்றரை வருடப் பள்ளிக்கூடம் கொரோனாவில் போய்விட்டது. வேலை பழக வேண்டிய நாட்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். அப்புறம் மாநில வேலைவாய்ப்புத் துறை ஒரு ஜாப் கோச்சைக் கொடுத்தது. கூடவே நின்று வேலை பழக்குகிறவர். அவர் இவனை ஒரு பெரிய கடையில் காய்கறிப் பகுதிக்குக் கூட்டிப்போனார். முதல் நாளே, யாரும் சொல்லாமல், தக்காளிகளை மூன்றாகப் பிரித்து வைத்தானாம். இதை எங்கே கற்றான் என்று அவர் போன் போட்டுக் கேட்டார்.

எங்கே கற்றான் என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பாவுக்குப் பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் வேலை. ஏழு, எட்டு வயதில் பேரனை விடியற்காலையில் கூடவே கூட்டிப்போவார். ஒரு கோணியை விரித்து உட்கார வைத்து, காய் ஒரு பெட்டி, செங்காய் ஒரு பெட்டி, பழம் ஒரு பெட்டி என்று பிரிக்கச் சொல்வார். காம்புப் பக்கத்தைக் கட்டை விரலால் லேசாக அழுத்திப் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். இப்போதும் இவன் அப்படித்தான் பார்க்கிறான், தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு. 26 வயது முடிந்துவிட்டது, வாரம் 20 மணி நேரம் வேலை, தன் பேரில் வங்கிக் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் தாத்தா வந்தால் முதல் கேள்வி, "அங்க தக்காளி என்ன விலைடா?" இவன் பவுண்டு விலையைச் சொல்வான். அவர் பெட்டி விலையைச் சொல்வார். அப்புறம் இரண்டு பேரும் வேறொன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.