ஷாஃப்ட் வண்டிக்கு கிரீஸ் கன் வேண்டாம்

வண்டி கேள்வி பதில்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு பி.எம்.டபிள்யூ ஆர் 1200 ஜிஎஸ் வாங்கியிருக்கிறேன், 2014 மாடல், 48,000 கி.மீ. ஓடியிருக்கிறது. விற்றவர் "ஷாஃப்ட் வண்டி சார், ஆயுசுக்கும் கை வைக்க வேண்டாம்" என்றார். மாதவரத்தில் என் மச்சான் லாரி பட்டறை வைத்திருக்கிறார். கிரீஸ் கன், ஏபி3 கிரீஸ், 140 கியர் ஆயில் எல்லாம் அங்கேயே இருக்கிறது. வீட்டிலேயே ஷாஃப்ட்டுக்கு கிரீஸ் போட்டுவிடலாமா?
– வாசகர், கொளத்தூர்

பதில்: தாராளமாகப் போடலாம். (செயினுக்குப் பதில் சுழலும் தண்டு வழியாகப் பின்சக்கரத்துக்கு இழுவை போகும் வண்டிதான் ஷாஃப்ட் வண்டி.) ஆனால் மச்சானிடம் டார்க் ரெஞ்ச், அதாவது போல்ட்டைக் குறித்த அளவு விசையில் இறுக்கும் ஸ்பேனர் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் பட்டறையிலேயே இருக்கட்டும்.

லாரியின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் ஒவ்வொரு கிராஸிலும், அதாவது ஷாஃப்ட் மடங்கிச் சுழல இடம் தரும் சிலுவை வடிவ மூட்டிலும், கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருக்கும், கன்னை வைத்து நாலு அடி அடித்தால் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும், வேலை முடிந்தது. உங்கள் வண்டியில் அப்படி ஒரு நிப்பிளைத் தேடினாலும் கிடைக்காது. கிராஸ் பேரிங்கில் ஃபேக்டரியிலேயே கிரீஸ் அடைத்து மூடிவிட்டார்கள், அது தேய்ந்தால் ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டியதுதான். ஆகவே உங்கள் கைக்கு எட்டுகிற வேலை இரண்டு: ஃபைனல் டிரைவில், அதாவது பின்சக்கரத்தை ஒட்டிய கியர் பெட்டியில் ஆயில் மாற்றுவது, ஷாஃப்ட் முனையில் பல் பல்லாக வெட்டியிருக்கும் ஸ்ப்ளைனுக்குப் பசை தடவுவது.

"ஆயுசுக்கும் கை வைக்க வேண்டாம்" என்பதை அவர் தானாக இட்டுக்கட்டவில்லை. 2004-ல் வந்த முதல் ஆர் 1200 ஜிஎஸ்ஸுக்கு ஃபைனல் டிரைவ் ஆயில் ஆயுள் முழுவதுக்கும் போதும் என்று கம்பெனியே சொல்லியிருந்தது. அப்புறம் மாற்றச் சொன்னார்கள். செயின் வண்டிக்காரரைப் போல வாராவாரம் பிரஷ்ஷோடு உட்கார வேண்டாம் என்ற அளவில் அவர் சொன்னது சரி, அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

முதலில் ஆயில், அது சுலபம். ஜிஎஸ் வகைகளில் 20,000 கி.மீ. அல்லது இரண்டு வருடம், எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். உங்களுக்கு முன்பு வைத்திருந்தவர் மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முதலில் மேலே ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், அது திறந்த பிறகுதான் கீழே வடிக்கும் போல்ட்டில் கை வைக்க வேண்டும். மேல் மூடி இறுகிப்போய் வர மறுத்தால், ஆயிலையெல்லாம் வடித்துவிட்டு வண்டியை நகர்த்தவும் முடியாமல் வாசலில் நிற்பீர்கள்.

வடிகிற ஆயிலை ஊற்றிவிட அவசரப்படாதீர்கள், பெட்டிக்குள் நடப்பதையெல்லாம் அதுதான் காட்டும். கந்தக நாற்றம் அடித்தால் பயப்பட வேண்டாம், ஹைப்பாய்டு கியர் ஆயிலின் வாசனையே அப்படித்தான். விரலில் தேய்த்தால் நைசான சாம்பல் நிறக் கூழ் ஒட்டுவதும் பற்களின் இயல்பான தேய்மானம்தான். செதில் செதிலாக, நகத்தில் நிரடுகிற துண்டுகள் வந்தால் பேரிங் அல்லது கிரவுன் பினியன் (ஒன்றையொன்று சுழற்றும் பல்சக்கரங்கள்) போய்க்கொண்டிருக்கிறது, அதற்கு மேல் வீட்டு வேலை வேண்டாம்.

ஊற்றும்போது ஓனர் மேனுவலில் போட்டிருக்கும் கிரேடும் அளவும்தான். இந்தப் பெட்டி கொள்ளுவது 200 மில்லிக்கும் குறைவு, மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சால் அளந்து ஏற்றுங்கள். கூடுதலாகப் போட்டால் நல்லது என்று நினைப்பது நம் ஊர்ப் பழக்கம். கூடுதல் ஆயில் நுரைத்து, அழுத்தம் ஏறி, ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், வரும் இடத்திலோ பிரேக் டிஸ்க்கும் டயரும் இருக்கின்றன. மச்சானின் 140 லாரி டிஃபரன்ஷியலுக்குப் பொருத்தம், இவ்வளவு சின்னப் பெட்டிக்கு ரொம்பத் தடிமன். வடிக்கும் போல்ட்டின் வாஷரை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள்.

அடுத்தது ஸ்ப்ளைன். பலர் தப்பு செய்யும் இடம் இதுதான். ஸ்ப்ளைன் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாக உட்கார்ந்து, பேரிங் போல உருளாமல், நூலளவு முன்னும் பின்னும் அசைந்துகொண்டே முழு இழுவையையும் தாங்குகின்றன. ஏபி3 அங்கே போனால் கொஞ்ச நாளில் பற்களுக்கு நடுவிலிருந்து பிதுங்கி ஓரத்துக்குப் போய்விடும், சுழற்சியில் சிதறியும் விடும். பல்லோடு பல் வெறுமனே உரசி செம்மண் நிறத்தில் பொடி கொட்ட ஆரம்பிக்கும். திறந்ததும் அந்தப் பொடி தெரிந்தால் ஸ்ப்ளைன் காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

அங்கே வேண்டியது மாலிப்டினம் டைசல்ஃபைடு அதிகமுள்ள பசை. கடையில் "மாலி கிரீஸ்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பதில் பெரும்பாலும் 3 சதவீதம்தான் மாலி இருக்கும். ஹோண்டா தன் ஷாஃப்ட் வண்டிகளுக்குச் சொன்ன பசையில் 60 சதவீதம்! எண்ணெய் வற்றினாலும் அந்தக் கருப்புத் தூள் பல்லில் தகடாக ஒட்டி நிற்கும், அதற்குத்தான் காசு. உங்கள் மாடலுக்கு எந்தப் பசை என்று மேனுவலில் பார்த்துக்கொண்டு, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பாரிமுனைப் பக்கம் பேரிங், தொழிற்சாலை லூப்ரிகன்ட் விற்கும் கடைகளில் கேளுங்கள். "கிரீஸ்" என்று கேட்காமல் "மாலி பேஸ்ட்" என்று கேளுங்கள், டப்பாவில் சதவீதத்தைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பிரிக்கும்போது ஒருவர் கூட இருப்பது நல்லது. பின்சக்கரம், பிரேக் கேலிப்பர், ஏபிஎஸ் சென்சார் மூன்றையும் கழற்றுங்கள். கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கயிற்றால் ஃபிரேமில் கட்டிவிடுங்கள். ஷாஃப்ட் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை (பூட்) தளர்த்தி, ஃபைனல் டிரைவைத் தாங்கிப் பிடிக்கும் டார்க் ஆர்ம் போல்ட்டை எடுத்தால் ஃபைனல் டிரைவ் கீழே சாயும். அது கனமான சாமான், எடுக்கும் முன்பே அடியில் கட்டை வைத்துவிடுங்கள். ஷாஃப்ட்டை உருவுவதற்கு முன்பு எந்தப் பல் எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று வெள்ளை பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒற்றை கிராஸ் சாய்வாகச் சுழலும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும், இரண்டாவது கிராஸ் சரியான கோணத்தில் இருந்தால்தான் அது சமன் ஆகும். கோடு போடாமல் மாட்டிவிட்டு வண்டி அதிர்கிறது என்று எனக்குக் கடிதம் எழுதுபவர்கள் உண்டு.

மண்ணெண்ணெயில் பிரஷ்ஷை நனைத்துப் பழைய பசையை எடுங்கள், ரப்பர் பூட்டிலும் சீலிலும் மட்டும் மண்ணெண்ணெய் படக்கூடாது. பல்லின் நுனி கத்தி மாதிரி கூராகியிருக்கிறதா, பக்கவாட்டில் படி விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், இருந்தால் பசை தடவிப் பயனில்லை. கிராஸை நாலு பக்கமும் கையால் மடக்கிப் பாருங்கள், எங்கேயும் தடுக்கக் கூடாது, லொடலொடக்கவும் கூடாது. எல்லாம் சரியென்றால் இரண்டு பக்கப் பல்லிலும் மெல்லிசாக ஒரு பூச்சு, அவ்வளவுதான். பொருத்தும்போது போல்ட்டுகளை மேனுவலில் இருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள், கை அளவு வேண்டாம்.

இவ்வளவும் படித்துவிட்டுத் தயக்கம் வந்தால் ஆயிலை மட்டும் வீட்டில் செய்யுங்கள், ஸ்ப்ளைனைப் பின் டயர் மாற்றும் நாளில் நல்ல மெக்கானிக்கிடம் விடுங்கள். இன்னொன்று: இந்த வரிசை ஜிஎஸ் வண்டிகளின் ஷாஃப்ட்டுக்குக் கம்பெனியே பின்னாளில் பரிசோதனைத் திட்டம் அறிவித்தது. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ஷோரூமில் விசாரித்துவிட்டு அப்புறம் ஸ்பேனரைத் தொடுங்கள்.

கேள்வி: மழையில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பின்சக்கர அச்சு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. என் மோட்டோ குஸ்ஸி அதன் பிறகும் நன்றாகத்தான் ஓடுகிறது. ஷாஃப்ட்டில் ஏதாவது செய்ய வேண்டுமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: நன்றாக ஓடுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள் அம்மா, தண்ணீர் புகுந்த பேரிங் சில மாதம் கழித்துத்தான் சத்தம் போடும். ஃபைனல் டிரைவ் பெட்டிக்கு மூச்சுவிட ஒரு துளை இருக்கும், மூழ்கினால் அந்த வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். ஆயிலை உடனே வடித்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் புதுசு ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடியும் வடித்து மாற்றுங்கள், தெளிவாக வரும் வரைக்கும். ரப்பர் பூட்டைத் தளர்த்தி ஷாஃப்ட் ஓடும் ஸ்விங்ஆர்முக்குள் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் மாற்றிவிட்டு இதை மறந்துபோகிறவர்கள்தான் அதிகம், உள்ளே துரு பிடிப்பதும் அங்கேதான். நம் ஊரில் மழை ஆரம்பிப்பதற்கு முன்பே பூட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் என் பழைய ஷாஃப்ட் வண்டியின் பின்பக்கம் தூக்குகிறது. ஷாக் அப்சார்பர் போய்விட்டதா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: ஷாக் அல்ல, பழைய ஷாஃப்ட் வண்டிகளின் குணமே அது. பினியன் கிரவுன் மேல் ஏறப் பார்க்கும் விசை ஸ்விங்ஆர்மை அழுத்துகிறது, பின்பக்கம் எழும்புகிறது. இதைக் குறைக்கத்தான் பி.எம்.டபிள்யூ 1987-ல் ஆர் 100 ஜிஎஸ்ஸில் பாராலீவர் என்ற இரண்டு மூட்டு ஸ்விங்ஆர்மைக் கொண்டுவந்தது. வளைவின் நடுவில் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை மூடாதீர்கள், பின்பக்கம் உட்கார்ந்துவிடும்.

கேள்வி: மாலி பேஸ்ட் மீந்தால் என் புல்லட் செயினுக்குத் தடவலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: வேண்டாம். மண்ணையும் மணலையும் பிடித்து வைத்துக்கொண்டு செயினையே தின்றுவிடும். செயினுக்கு செயின் ஸ்ப்ரே, இல்லையென்றால் துணியில் நனைத்துத் துடைத்த 90 கியர் ஆயில் போதும். மீந்த பேஸ்ட்டை மூடி வையுங்கள், ஷாஃப்ட் வண்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது கேட்டு வருவார்.