பொதுவான எண் இல்லாத பதிவுகளை இணைக்கும்போது எழும் பிழைகள்

கேள்வி: எங்கள் மருத்துவமனையின் புற்றுநோயாளர் பதிவேட்டை இறப்புப் பதிவோடு பெயர், வயது, முகவரி கொண்டு கணினியில் இணைத்தோம். ஏறத்தாழப் பாதிப்பேர் பொருந்தினர். இந்த இணைப்பை எவ்வளவு நம்பலாம்?

பதில்: எத்தனை பேர் பொருந்தினர் என்ற கணக்கு, பொருத்தம் சரியா என்பதைச் சொல்லாது. இறந்தவரை இணைக்காமல் விட்டால் பிழைத்திருப்போர் விகிதம் உயர்ந்து தெரியும்; உயிரோடிருப்பவரை வேறொருவரின் இறப்போடு சேர்த்தால் அது தாழ்ந்துவிடும். ஒன்றை மற்றொன்று ஈடுசெய்துவிடும் என்று விட்டுவிடாமல், இவ்விரு பிழைகளையும் தனித்தனியே அளந்தாக வேண்டும்.

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான் உண்டு. அதுவும் பல பெண்களுக்குத் திருமணத்துக்குப் பின் தந்தையுடையதிலிருந்து கணவருடையதாக மாறிவிடுகிறது. ஆகவே இணைப்பில் தவறிப்போவோரில் பெண்கள் கூடுதலாக இருக்கலாம். ஆண்களைவிடப் பெண்கள் நீண்டநாள் பிழைக்கிறார்கள் என்று உங்கள் கணக்கு காட்டினால், முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும். ஒலியொப்புமைக்குப் பலரும் நாடுவது, ஒலி ஒத்த பெயர்களுக்கு ஒரே குறியீடு தரும் சவுண்டெக்ஸ் முறை; அது ஆங்கில எழுத்துகளுக்காக அமைந்தது. எழிலரசியின் ழகரத்தை ‘இசட்-எச்’ என்று எழுதினால் அது இ-246 என்ற குறியீட்டைத் தரும். ‘எல்’ என்று எழுதினால் இ-446. ஒரே பெண் இருவராகிவிடுகிறார்.

ஃபெல்லெகியும் சன்டரும் 1969இல் வகுத்த நிகழ்தகவு முறை இங்கே உதவும். லட்சுமி என்ற பெயர் பொருந்துவதைவிட, அரிதான ஒரு பெயர் பொருந்துவதற்கு அம்முறை அதிக எடை தருகிறது. பாலினம் பொருந்துவதற்கு மிகக் குறைந்த எடையே. வயதை 50, 60 என்று முழு எண்ணாகச் சொல்லும் வழக்கம் இருப்பதால், சில ஆண்டு வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளுங்கள். ஐயத்துக்குரிய இணைகளை, முடிவு தெரியாத இருவர் தனித்தனியே படித்துப் பார்க்கட்டும்.

அளப்பதற்கான சான்று உங்கள் கோப்புகளிலேயே இருக்கிறது. உங்கள் வார்டிலேயே இறந்தவர்களில் எத்தனை பேரைக் கணினி இறப்புப் பதிவில் கண்டுபிடித்தது என்று பாருங்கள். தவறவிட்ட பங்கு தெரியும். பிறகு, இணைக்கப்பட்ட இறப்புத் தேதிக்குப் பின் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தவர்களைத் தேடுங்கள். நோயாளியே வந்திருந்தால் அந்த இணைப்பு தவறு. உறவினர் சான்றிதழ் வாங்க வந்ததும் வருகையாகப் பதிவாகியிருக்கலாம் என்பதால், சீட்டைப் பிரித்துப் பார்க்காமல் எண்ணிவிடாதீர்கள்.

அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்தும் சென்னைப் பதிவேடு, இறப்புப் பதிவுகளைப் பொருத்துவதோடு நில்லாமல் வீட்டு விசாரணையையும் கையாண்டது. செலவு பிடிக்கும் வேலைதான். பொருந்தாதவர்களில் குலுக்கல் முறையில் சிலரையாவது அப்படி விசாரித்து, இரு பிழைகளின் அளவையும் ஆண், பெண் எனப் பிரித்து உங்கள் அறிக்கையில் வெளியிடுங்கள்.