மூச்சைத் தூண்ட ஊசியா, முகமூடியா? சிஓபிடி கேள்வி பதில்

குன்னூர் வாசகர்: அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய். ரத்தத்தில் கரியமில வாயு ஏறிவிட்டதாம். மூச்சைத் தூண்டிவிட ஊசி உண்டாமே டாக்டர், போடச் சொல்லலாமா?

உண்டு. டாக்ஸாப்ராம் என்று பெயர், டிரிப்ஸில் ஏற்றுவார்கள். மூளையின் மூச்சு மையத்தை உசுப்பிவிடும். ஆனால் அப்பாவின் மூளை ஏற்கெனவே விரட்டிக்கொண்டுதான் இருக்கிறது. சோர்ந்துபோனது மூச்சுத் தசைகள். நுரை தள்ளி நிற்கும் மாட்டுக்கு இன்னொரு சாட்டையடி எதற்கு? படபடப்பு, ரத்தக் கொதிப்பு, சிலருக்கு வலிப்புகூட வரும். முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் பைபேப் வந்தபின் இந்த ஊசிக்கு வேலை குறைந்துவிட்டது. பைபேப் அந்தத் தசைகளுக்கு ஓய்வு தரும், உயிரையும் காக்கும். அதனால் ஊசியைக் கேட்காதீர்கள். "பைபேப் இருக்கிறதா, இல்லையென்றால் கோவைக்கு எப்போது அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள்.

கோத்தகிரி வாசகி: அப்படியானால் மருந்தே தேவையில்லையா சார்?

யாரம்மா சொன்னது? மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமாலும் இப்ராட்ரோப்பியமும் நெபுலைசரில், ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு பெரும்பாலும் 5 நாள், சளி பழுத்து வந்தால் ஆன்டிபயாடிக். இவை அவசியம். மூச்சுக்குழாயை விரிக்கவென்று போடும் டெரிபிலின் ஊசி வெறும் பழக்கத்தில் போடுவது. பலன் சொற்பம், வாந்தியும் படபடப்பும் மிச்சம்.

ஊட்டி வாசகர்: அம்மாவுக்கும் சிஓபிடி. ரத்தத்தின் ஆக்சிஜனைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் 90 காட்டியது. சிலிண்டரைக் கூட்டி 98 ஆக்கினோம். இப்போது அசந்து தூங்குகிறார்.

அந்தத் தூக்கம்தான் எனக்குப் பயம். உடனே எழுப்புங்கள். பேச்சு குழறுகிறதா? கைகளை முன்னே நீட்டி, 'நில்' என்று காட்டுவதுபோல மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால் கை துள்ளுகிறதா? எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லையா? 108-ஐக் கூப்பிடுங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் கரியமில வாயு இன்னும் ஏறக்கூடும். அதற்காக ஆக்சிஜனைப் பட்டென்று மூடிவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து. 88-க்கும் 92-க்கும் இடையில் வரும்வரை மெதுவாகக் குறையுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே நல்ல நுரையீரலுக்கே எண் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும்.

குந்தா வாசகர்: தாத்தாவுக்கும் அதே வியாதி. ராத்திரி தூக்கமில்லை. அல்பிரசோலம் கொடுக்கலாமா? குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைத்திருக்கிறோம்.

மாத்திரை மூச்சை அமுக்கிவிடும், வேண்டாம். அடுப்பை இப்போதே வெளியே தூக்கி வையுங்கள். கார்பன் மோனாக்சைடு ஏறினாலும் ஆக்ஸிமீட்டர் நல்ல எண்ணையே காட்டி ஏமாற்றும். ஆக்சிஜன் ஓடும் அறையில் நெருப்பு கூடாது என்பதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?