ஊசி போட்டாச்சு என்று சொல்லிக் கொடுத்த குட்டி

வணக்கம்.

நகரத்து விலங்குகளின் நலத்தைத் தன்னார்வலர்கள் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது, அவற்றை வைத்துத் தொழில் செய்கிற எல்லோரும் கைகோத்தால்தான் நடக்கும் என்று எழுதியிருந்தீர்கள். நான் அந்தத் தொழிலுக்குள் இருப்பவன். தீவனம், கழுத்துப்பட்டை விற்கிறேன். பின்னறையில் நாய்களைக் குளிப்பாட்டி முடிவெட்டும் வேலையும் நடக்கிறது. குட்டி விற்பவர், மருத்துவர், ஊருக்குப் போகிறவர்களின் நாயை வைத்துப் பார்த்துக்கொள்பவர் என்று எங்களில் ஒவ்வொருவரும் தனித்தனி. வாடிக்கையாளரை மற்றவர் இழுத்துக்கொள்வாரோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை காப்பகத்துக்கு நான்கு மூட்டை தீவனம் அனுப்புகிறேன். இதற்கு மேல் கூட்டு என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? லாபத்துக்காக நடக்கும் தொழிலிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

தீவனம் அனுப்புவதை நிறுத்திவிடாதீர்கள். காப்பகத்தில் அது பல வாய்களுக்குப் போகிறது. ஆனால் கூட்டு என்று எழுதும்போது என் மனதில் நன்கொடை இல்லை. ஒரு விலங்கு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது அதைப் பற்றித் தெரிந்ததும் கூடவே போக வேண்டும். கொடுத்தவருக்கும் கொஞ்சம் பொறுப்பு மிஞ்ச வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். இன்றைக்குப் பெரும்பாலும் விலங்கு மட்டும்தான் போகிறது.

நாய்க்குட்டியையே எடுத்துக்கொள்வோம். "ஊசி போட்டாச்சு" என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். பல நேரம் அது உண்மையும்கூட. ஒரு ஊசி போட்டிருப்பார்கள். வாங்குகிறவரோ எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி குட்டியின் உடம்பில் சில வாரங்கள் இருக்கும். அது இருக்கும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. எந்தக் குட்டிக்கு அது எப்போது தீரும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், குறைந்தது 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். இந்த விவரம் விற்றவரின் கடையிலேயே நின்றுவிட்டால் அடுத்து நடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் குட்டி சாப்பாட்டைத் தொடாது. வாந்தி, அப்புறம் ரத்தமாக பேதி. அதுதான் பார்வோ என்னும் தொற்றுநோய். மருத்துவமனையில் நாள்கணக்கில் டிரிப்ஸ் ஏற்றியும் எல்லாக் குட்டிகளும் பிழைப்பதில்லை.

இதில் உங்கள் தொழிலும் சிக்கியிருக்கிறது. பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்கும் ஸ்பிரிட்டுக்கும் அது சாகாது. இடத்தை நன்றாகக் கழுவிய பிறகு பிளீச்சிங் கரைசலைப் பத்து நிமிடமாவது ஊறவிட வேண்டும். அறிகுறி தெரிவதற்கு முந்தின நாள் அந்தக் குட்டி உங்கள் பின்னறைக்குக் குளிக்க வந்திருக்கலாம். அதற்கு முன் விற்பவரின் கூண்டில் வேறு குட்டிகளோடு இருந்திருக்கும். அவையும் இப்போது வேறு வேறு வீடுகளில் இருக்கும். நோயை உறுதி செய்த மருத்துவர், வளர்ப்பவரின் சம்மதத்தோடு, விற்றவருக்கு ஒரு போன் போட்டால் போதும். விற்றவர் மற்ற வீடுகளுக்குச் சொல்வார், கூண்டைக் காலி செய்து கழுவுவார், குட்டி போட்ட இடத்தையும் எச்சரிப்பார். உங்களுக்கும் செய்தி வரும். அந்த ஒரு போன் பல ஊர்களில் போடப்படுவதே இல்லை. மருத்துவர் சொன்னால் விற்பவர் சண்டைக்கு வருவார் என்ற தயக்கம், விற்பவருக்கோ பெயர் கெட்டுவிடும் என்ற பயம். அந்தத் தயக்கத்துக்குக் குட்டிகள் உயிரைக் கொடுக்கின்றன. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு, மறைக்க விரும்பவில்லை.

லாபத்துக்கான தொழிலிடம் எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். அமெரிக்காவின் பெட்ஸ்மார்ட் கடைகள் நாயையும் பூனையையும் விற்பதில்லை. காப்பகங்களைத் தங்கள் கடைக்குள் அழைத்து, தத்து கொடுக்க இடம் ஒதுக்குகின்றன. 1994-இல் தொடங்கிய அவர்களுடைய அறக்கட்டளை வழியாக இதுவரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட விலங்குகள் வீடு சேர்ந்திருக்கின்றன. தத்து எடுத்தவர் தீவனத்துக்கும் படுக்கைக்கும் எங்கே போவார்? அந்தக் கடைக்குத்தான். லாபமும் நலமும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடிகிறது. அது தானாக வராத இடங்களில் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து 6 மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டி, பூனைக்குட்டிகளை இடைத்தரகர் விற்க முடியாது. குட்டி போடவைத்து வளர்த்த பிரீடரிடமோ காப்பகத்திடமோ நேரடியாகப் போய்த்தான் வாங்க வேண்டும். பிரான்சில் 2024 ஜனவரியிலிருந்து கடைகளில் நாய், பூனை விற்பனையே கிடையாது. சட்டம் வருவதற்கு முன்பே தொழில்காரர்கள் கூடிப் பேசி ஒழுங்கு செய்துகொள்வதுதான் அவர்களுக்கும் நல்லது என்பது என் கருத்து.

குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பதினாலாவது வாரம்வரை அது உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். மனிதர்கள், குழந்தைகள், சத்தம், மற்ற நாய்கள் எல்லாம் அப்போதுதான் அதற்குச் சாதாரணமாகும். அந்த வாரங்களைக் கண்ணாடிக் கூண்டில் கழித்த குட்டி வளர்ந்தபின் எதைக் கண்டாலும் மிரளலாம், கடிக்கவும் செய்யலாம். கடிக்கிற நாயை வீட்டில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர் ஒருநாள் அதைத் தெருவில் விட்டுவிடுகிறார். விற்கும் அன்றைக்கே ஒரு பயிற்சியாளரின் எண்ணைக் கொடுத்து, "எப்போது முடியவில்லை என்றாலும் என்னிடமே கொண்டுவந்து விடுங்கள்" என்று எழுதியும் கொடுத்திருந்தால் அந்த நாய்க்குத் தெரு வந்திருக்காது. பொறுப்பான பிரீடர்கள் சிலர் இப்படி எழுதிக் கொடுக்கிறார்கள். சங்கம் வைத்திருக்கும் விற்பனையாளர்கள் இதை எல்லோருக்கும் விதியாக்கலாம். ஆமை விற்கிறவர்களுக்கும் இது பொருந்தும். உள்ளங்கையில் அடங்கும் சிவப்புக்காது ஆமை ஓர் அடி நீளத்துக்கு வளரும், முப்பது வருடம்கூட இருக்கும். அதைச் சொல்லாமல் விற்பதால்தான் பல நாட்டுக் குளங்களில் அது அழையா விருந்தாளியாகப் பெருகிக் கிடக்கிறது.

தெருநாய்களுக்கும் இந்தத் தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், உங்களிடம் இருக்கும் ஒரு தகவல் மாநகராட்சியிடம் இல்லை. வாராவாரம் பெரிய மூட்டையாகத் தீவனம் வாங்குபவர் யார், அதில் யார் தெருநாய்களுக்குப் போடுகிறார் என்று உங்கள் கல்லாவுக்குத் தெரியும். சோறு போடுகிறவருக்குத் தன் தெருவில் புதிதாக வந்த நாய் எது, சினையாக இருப்பது எது, கூப்பிட்டால் கையிலேயே வருவது எது என்று தெரியும். கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் நாய் பிடிக்க வருகிறவர்கள் வலையோடு துரத்தினால் தெருவில் பாதி நாய்கள் ஓடி ஒளிந்துகொள்ளும். சோறு போடுகிறவர் கூட நின்றால் வேலை சட்டென்று முடியும். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய்களால் வருவது. ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்காவது தடுப்பூசி போட்டால்தான் அது பரவுவது நிற்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எளிதில் பிடிபடும் நாய்களுக்கு மட்டும் போட்டால் அந்த எண்ணை எட்டுவது கடினம். பிடிபடாதவற்றைத் தெரிந்தவர்கள் உங்கள் வாடிக்கையாளர்கள். அவர்களிடம் கேட்டு, விருப்பமுள்ளவர்களை மட்டும் அந்தக் குழுவோடு சேர்த்துவிடுங்கள். கேட்காமல் யார் எண்ணையும் கொடுத்துவிடாதீர்கள். சோறு போடுகிறவர்கள் அக்கம்பக்கத்தில் ஏற்கனவே போதுமான ஏச்சு வாங்குகிறார்கள்.

உங்கள் பின்னறையில் வேலை செய்பவரையும் நான் முக்கியமானவராக நினைக்கிறேன். மருத்துவர் வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ பார்க்கும் நாயை அவர் மாதாமாதம் முழுக்கத் தடவிப் பார்க்கிறார். முலைக்காம்பை ஒட்டி ஒரு சின்னக் கட்டி, காதில் புளித்த வாடை, வளைந்து பாதத்துக்குள் குத்தும் நகம் எல்லாம் முதலில் அவர் விரலுக்குத்தான் படும். பார்த்ததை அப்படியே ஒரு சீட்டில் எழுதி வளர்ப்பவரிடம் கொடுத்து, மருத்துவரிடம் காட்டச் சொன்னால் போதும். நோயின் பெயரை அவர் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் கூடாது.

எங்கிருந்து தொடங்குவது? நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பைப் படிக்கும் ஸ்கேனர் ஒன்று வாங்கிக் கல்லாவில் வையுங்கள். சிப் அரிசிமணி அளவுதான், அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டும். நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. அந்த எண்ணோடு இன்றைய உரிமையாளரின் போன் நம்பர் பதிவாகியிருந்தால்தான் காணாமல் போன நாய் வீடு திரும்பும். தோள்பட்டைகளுக்கு நடுவில் தொடங்கி மெதுவாக, இரண்டு பக்கமும் கழுத்திலும் ஸ்கேனரை ஓட்டுங்கள். சிப் சில சமயம் நகர்ந்திருக்கும். குளிக்க வருகிற ஒவ்வொரு நாய்க்கும், உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, இதைச் செய்யுங்கள். எண் யார் பெயரில் இருக்கிறது என்று அவரையே பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். விற்றவரின் பெயரிலேயே கிடக்கும் எண்கள் கண்டிப்பாக வரும். அவற்றைக் குறித்துக்கொண்டு, உரிமையாளரின் சம்மதத்தோடு அந்த விற்பனையாளருக்கு நீங்களே போன் போடுங்கள். முதல் போன் சங்கடமாகத்தான் இருக்கும். போட்டுப் பாருங்கள், அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.